பொனட்டைத் திறந்து: தடிப்பான ஒயில் ஊற்றினால் எஞ்சினுக்குப் பலமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சின் ஒயில் பற்றியவை. அதிலும் டர்போ கார் (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சக்கரம் உள்ளது), வேகக் கார் வைத்திருப்பவர்கள்தான் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். காரணம் விளங்குகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் எல்லோரும் கையில் இருந்ததைத்தான் பார்த்துப் பார்த்து ஓடினோம். இன்றைக்கும் ஒரு நல்ல எஞ்சின் போய்விட்டால் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மாற்று எஞ்சின் தேடி அலைகிற அலைச்சல் சொல்லி மாளாது. ஆகவே இந்த முறை எல்லாப் பதிலும் ஒயிலுக்கே.

வாசகர், வெள்ளவத்தை: அண்ணே, என்னிடம் 2006 சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ இருக்கிறது. வாங்கி எட்டு மாதம். முந்தின சொந்தக்காரர் 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றினாராம். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. "நம்முடைய சூட்டுக்கு அது தண்ணி மாதிரி ஓடிவிடும், தடிப்பாக ஊற்றினால்தான் பலம்" என்கிறார் மெக்கானிக். கிழமை நாட்களில் காலி வீதி நெரிசல், மாதம் இரண்டு தரம் அதிவேகப் பாதையில் மாத்தறை வரை ஓட்டம். எதை ஊற்றுவது?

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 5டபிள்யூ-40, முழு சிந்தெடிக், போத்தலின் பின்பக்கம் ஏசிஈஏ ஏ3/பி4 (ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கத்தின் தர முத்திரை) என்று எழுதியிருக்க வேண்டும். 20டபிள்யூ-50 வேண்டாம். ஏன் என்று ஆறுதலாகப் பார்ப்போம்.

டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 5டபிள்யூ ஒயில் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையிலும் எஞ்சினைச் சுழல விட வேண்டும், 20டபிள்யூவுக்குக் கீழே 15 பாகை போதும். கொழும்பில் அந்தக் குளிர் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் காலையில் 27 பாகையில் நிற்கிற எஞ்சினும் ஒயிலின் கண்ணுக்குக் குளிர்ந்த எஞ்சின்தான். 5டபிள்யூ-40 ஒயில் அந்த வெப்பத்தில், 100 பாகையில் இருப்பதை விட ஏறக்குறைய பத்து மடங்கு தடிப்பாக இருக்கும். 20டபிள்யூ-50 அதை விடவும் தடிப்பு. சாவியைத் திருப்பியதும் ஒயில் மேலே வால்வுகளைத் திறக்கிற கேம் வரை, டர்போ வரை போய்ச் சேர வேண்டும். அங்கே பிந்துகிற ஒவ்வொரு செக்கனும் உலோகத்தோடு உலோகம் உரசுகிற நேரம்.

இரண்டாவது எண் 100 பாகையில் உள்ள தடிப்பு. சென்ரிஸ்டோக்ஸ் என்ற அளவில் 30 தரம் என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 தரம் என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 தரம் என்றால் 16.3 முதல் 21.9 வரை. குழாயில் வருகிற தண்ணீருக்கு இதே அளவில் ஏறக்குறைய 1. அதாவது உங்கள் மெக்கானிக் "தண்ணி" என்று சொல்கிற 30 தரம், கொதிக்கிற சூட்டிலும் தண்ணீரை விடப் பத்து மடங்கு தடிப்பு.

அப்படியானால் ஏன் 30 ஊற்றச் சொல்லாமல் 40 சொல்கிறேன்? மாத்தறை ஓட்டத்துக்காக. டர்போ எஞ்சினில் நீண்ட நேரம் காலை அழுத்தி ஓடும்போது ஒயில் 100 பாகையில் நிற்பதில்லை, 120 தாண்டிப் போகும். 120 பாகையில் ஓடுகிற 40 தரம், 105 பாகையில் ஓடுகிற 30 தரத்தைப் போலத்தான் இருக்கும். சூட்டில் இழப்பதை அந்த ஒரு படி திருப்பித் தருகிறது. இன்னொரு அளவும் உண்டு, எச்டிஎச்எஸ் என்பார்கள். 150 பாகையில், சுழலும் தண்டைத் தாங்குகிற பெயாரிங்குக்குள் நசுக்கப்படும் நிலையில் ஒயில் எவ்வளவு தாங்குகிறது என்பதை அது காட்டும். 30 தரத்துக்குக் குறைந்தது 2.9, 5டபிள்யூ-40க்குக் குறைந்தது 3.5. ஏ3/பி4 முத்திரையும் அதே 3.5ஐக் கேட்கிறது. டர்போ வைத்திருப்பவர் போத்தலின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் இதைத் தேட வேண்டும். சுபாருவும் இதற்கு எதிரி அல்ல. அந்தக் காலத்துப் பல மொடல்களின் கையேட்டில், மிகச் சூடான இடங்களுக்கும் கடும் வேலைக்கும் கனமான தரங்களை அனுமதிக்கும் பத்தி ஒன்று இருக்கும். கையேட்டை முழுக்க வாசியுங்கள், ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள்.

அப்போ 50 இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. ஒயில் பம்பில் ஒரு வால்வு இருக்கிறது. அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் அது திறந்து, மிச்ச ஒயிலைப் பெயாரிங்குக்கு அனுப்பாமல் திருப்பி விட்டுவிடும். தேவைக்கு மீறித் தடிப்பான ஒயில் அந்த வால்வைச் சீக்கிரம் திறக்க வைக்கும். கேஜில் ஊசி உயர்ந்து நிற்கும், பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் போக வேண்டிய இடத்துக்கு ஒயில் குறைவாகவே போகும்.

எனக்கு இதைச் சொல்ல ஒரு கார் காரணம். உங்களுடையதைப் போலவே ஒரு எஸ்டிஐ, நுவரெலியா போய் வந்த கையோடு என் கராஜுக்கு வந்தது. எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல சத்தம். சொந்தக்காரர் நல்ல மனிதர், ஒயில் மாற்றும் திகதியை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. 20டபிள்யூ-50 தான். ஒயில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்தேன், நுனியில் ஒரு சொட்டுக் கூட இல்லை. எஞ்சினின் அடியில் ஒயில் தேங்குகிற சம்பைக் கழற்றி ஒயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, வெள்ளிப் பொடி தூவினது போல மினுக்கம். பிஸ்டனின் தண்டு, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கைப் பிடிக்கிற இடத்தில் இருப்பது ராட் பெயாரிங். அது மோதிரத்தைப் பாதியாக அறுத்தது போல இரண்டு அரைவட்டத் தகடு. நல்லதாக இருந்தால் மேலே மங்கலான சாம்பல் நிறம், ஒரே சீராக. நான் எடுத்ததில் சாம்பல் நிறம் கரை ஓரத்தில் மட்டும் மிச்சம். நடுவெல்லாம் செம்பு சிவந்து கிடந்தது, ஒரு பக்கம் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். கிராங்குக்கும் அந்தத் தகட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி தலைமுடியின் தடிப்பை விடக் குறைவு. அந்த இடைவெளியில் ஒயில் நிற்கிறவரை இரண்டும் தொட்டுக்கொள்ளாது. வளைவுகளில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடித்த சில செக்கன்களில் அந்த உரசல் நடந்திருக்கும். ஒயில் ஒரு லீற்றருக்கு மேல் குறைந்திருந்தது. "தடிப்பான ஒயில்தானே, குறையாது என்று நினைத்தேன்" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

படுத்த சிலிண்டர்களோடு வருகிற சுபாரு டர்போ எஞ்சின்கள் கொஞ்சம் ஒயில் குடிக்கும். அது வியாதி அல்ல, சுபாவம். ஞாயிற்றுக்கிழமை காலையில், சமமான நிலத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக் பாருங்கள். டிக்கியில் அதே ஒயிலில் ஒரு லீற்றர் போத்தல் எப்போதும் இருக்கட்டும். அப்புறம், இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பலவற்றில் டர்போவுக்கு ஒயில் போகிற போல்ட்டுக்குள் ஒரு சின்னச் சல்லடை உண்டு, விரல் நுனியில் வைத்தால் மறைந்துவிடும் அளவு. பழைய ஒயிலின் கசடு அதை அடைத்தால் டர்போ பட்டினியில் சாகும். முந்தின சொந்தக்காரரின் பழக்கம் தெரியாதபடியால், அடுத்த சேர்விஸில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்ச் சூட்டு ஊசி நடுவுக்கு வந்ததும் ஒயிலும் சூடாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒயில் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும். கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறின உடனே டர்போவை எழுப்பாமல் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.

வாசகர், கொட்டாஞ்சேனை: ஹொண்டா சிவிக் 1.5 டர்போ. கையேட்டில் 0டபிள்யூ-20. ஆனால் ஒயில் மாற்றி மூவாயிரம் கிலோமீற்றரில் டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் கூடியிருக்கிறது! ஒயில் தானாகக் கூடுமா?

கூடாது. கூடியது பெற்றோல். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள், மணம் சொல்லும். நேரடியாக சிலிண்டருக்குள் பெற்றோல் பீச்சுகிற டர்போ எஞ்சின்களில் இது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன் நிறுத்துகிற குட்டிப் பயணங்களில் சிலிண்டர் சுவரில் படிகிற பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கிவிடும். குளிர் நாடுகளில்தான் அதிகம். ஆனால் கொட்டாஞ்சேனையில் இருந்து புறக்கோட்டைக்குப் போய் வருவது மட்டும்தான் ஓட்டம் என்றால் இங்கேயும் வரும். ஏற்கெனவே மெல்லிய 20 தரம் பெற்றோல் கலந்து இன்னும் மெலிகிறது. அதுதான் கவலை.

செய்ய வேண்டியவை: கையேட்டில் ஒயில் தரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்து 5டபிள்யூ-30 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் 0டபிள்யூ-20 உடனேயே இருந்து, மாற்றும் காலத்தைக் குறையுங்கள். இரண்டில் எதுவானாலும் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஒயில் தரம்) அல்லது அதற்குப் பிந்தின முத்திரை கட்டாயம். எஸ்பி 2020இல் வந்தது. சின்ன டர்போ எஞ்சின் குறைந்த வேகத்தில் பாரம் இழுக்கும்போது, ஸ்பார்க் வருமுன்பே பெற்றோல் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஒயிலில் சேர்க்கும் கல்சியம் அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, புதிய ஒயில்களில் அதில் ஒரு பங்குக்குப் பதிலாக மக்னீசியம் சேர்க்கிறார்கள். பழைய முத்திரை உள்ள ஒயில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம்.

எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் மணிக்கணக்கில் யோசிப்பவன். நெரிசலில் சராசரி மணிக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தால், 5,000 கிலோமீற்றர் ஓட எஞ்சின் 250 மணித்தியாலம் வேலை செய்கிறது. அதையே அதிவேகப் பாதையில் 80இல் ஓடினால் 63 மணித்தியாலம் கூட இல்லை. தூரம் காட்டுகிற மீற்றருக்கு இரண்டும் ஒன்று, ஒயிலுக்கு இல்லை. டர்போ, நகர ஓட்டம் என்றால் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு இப்போது மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றுங்கள்.

வாசகர், தெஹிவளை: ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்து வந்த நண்பர் 10டபிள்யூ-60 "ரேசிங்" ஒயில் ஒரு கேன் பரிசாகத் தந்தார். ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம், தம்பி. 10டபிள்யூ-60 குறிப்பிட்ட எஞ்சின்களுக்காகச் செய்தது. பிஎம்டபிள்யூ தன்னுடைய ஈ46 எம்3க்கு அதைத்தான் கேட்டது, ஏனென்றால் அந்த எஞ்சினின் பெயாரிங் இடைவெளியும் சுழற்சி வேகமும் அப்படி. அதற்காக எல்லா வேகக் காரும் தடிப்பானதைக் கேட்பதில்லை. நிசான் ஜிடி-ஆர் 2007இல் 480 குதிரைவலுவோடு வந்தபோது தொழிற்சாலையில் ஊற்றியது மொபில் 1 0டபிள்யூ-40. ஹொண்டா சிவிக் டைப் ஆர் எஃப்கே8க்கு 300 குதிரைவலுவுக்கு மேல், கையேட்டில் 0டபிள்யூ-20. வலுவைப் பார்த்துத் தடிப்பை முடிவு செய்ய முடியாது, எஞ்சினைச் செய்தவர் விட்ட இடைவெளிதான் முடிவு செய்யும். அந்தக் கேனை எம்3 வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள், கும்பிட்டு வாங்குவார்.

வாசகர், வத்தளை: மஸ்தா ஆர்எக்ஸ்-8. ஒயில் குடிக்கிறது. எஞ்சின் முடிந்துவிட்டதா?

அதனால் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அதில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணத் துண்டு சுழல்கிறது. அது ஒயிலைக் குடிக்கத்தான் வேண்டும். அதன் சீல்களை வழுக்க வைக்க, பம்ப் ஒன்று சம்பில் இருக்கிற அதே ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் பீச்சுகிறது. குடிக்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் டிப்ஸ்டிக் பாருங்கள். எரியப்போகிற ஒயில் என்பதால் சுத்தமாக எரிகிற 5டபிள்யூ-30 போதும், தடிப்பு ஏற ஏற எரிந்த மிச்சமும் கூடும். எஞ்சினின் உயிரை அறிய வேண்டுமானால் ரோட்டரிக்கென்று உள்ள கருவியில் கம்ப்ரெஷன் பாருங்கள். சாதாரண கேஜ் சரியாகச் சொல்லாது.

வாசகர், மருதானை: பெயர்பெற்ற கம்பனியின் ஒயிலே ஒரு கடையில் மூன்றில் இரண்டு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. கேன், ஸ்டிக்கர் எல்லாம் ஒன்று. வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. 2022இல், பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்த ஆண்டு, ஒயிலும் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. எனக்குப் பழக்கமான ஒருவர் மூலம் ஒரு கடையில் ஆறு கேன் வாங்கினேன். 5டபிள்யூ-40, கம்பனிப் பெயர், மூடிக்குக் கீழே சீல், எல்லாம் சரி. அதில் ஒன்றை நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரின் லான்சர் எவோவுக்கு ஊற்றினேன். அறுநூறு கிலோமீற்றரில் அவர் திரும்பி வந்தார், சூடானதும் ஐட்லில் ஒயில் விளக்கு மினுங்குகிறது என்று. வடித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி என்று சொல்வார்களே, அது உண்மையிலேயே அப்படித்தான் கொட்டியது, கறுப்பாக, எரிந்த மணத்தோடு. பில்டரை வெட்டி உள்ளே இருந்த கடதாசியை விரித்துப் பார்த்தேன். மடிப்புகளுக்குள் மினுக்கம் இல்லை, கடவுள் காப்பாற்றினார். டர்போவின் சாஃப்ட் மட்டும் விரலுக்கு ஆடியது. அந்த டர்போவை என் செலவில் செய்து கொடுத்தேன். மிச்சம் ஐந்து கேனையும் யாருக்கும் ஊற்றவில்லை. அந்த வாடிக்கையாளர் இன்றும் என்னிடம்தான் வருகிறார், ஆனால் அன்று அவர் முகத்தை நேரே பார்க்க எனக்கு முடியவில்லை.

அன்றிலிருந்து இப்படிச் செய்கிறேன். கம்பனி முகவரிடம் நேரே வாங்கி பில் எடுக்கிறேன். கேனின் உடம்பில் அடித்திருக்கிற தொகுதி எண்ணும் பெட்டியில் இருக்கிற எண்ணும் ஒன்றா பார்க்கிறேன். விரலால் தேய்த்தால் அழிகிற எண் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒயிலின் நிறத்தைப் பார்த்து, விரலில் தேய்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், எனக்கே முடியவில்லை. ஊற்றி முடிந்ததும் வெறுங்கேனின் அடியில் ஆணியால் மூன்று ஓட்டை. ஏன் தெரியுமா? போலி ஒயில் நிரப்புகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது உண்மையான வெறுங்கேன்தான். என் கராஜ் வாசலுக்கே வந்து, ஓட்டை இல்லாத கேனுக்குக் கூடுதல் காசு தருவதாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தானே ஒயில் மாற்றுகிற வாசகர்களும் இதைச் செய்யுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வாங்க வேண்டாம். காசு போதாவிட்டால், பெயர் குறைந்த கம்பனியின் உண்மையான செமி சிந்தெடிக்கை வாங்கிச் சீக்கிரம் மாற்றுங்கள். அது எவ்வளவோ மேல்.

வாசகி, நுகேகொடை: அங்கிள், அப்பாவின் 1998 சிவிக் டைப் ஆர் வீட்டில் நிற்கிறது. அப்பா தவறி இரண்டு வருடம். அதன் பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. விற்கச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள், எனக்கு மனமில்லை. நானே ஓட்ட விரும்புகிறேன். எந்த ஒயில் நல்லது?

மகள், முதலில் ஒரு வேண்டுகோள். யார் வந்து சொன்னாலும் புதிய பற்றரி போட்டு அப்படியே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். இரண்டு வருடத்தில் கேமிலும் சிலிண்டரிலும் இருந்த ஒயில் எல்லாம் கீழே இறங்கிக் காய்ந்திருக்கும். உங்கள் அப்பாவின் எஞ்சின் 1.6 லீற்றரில் 185 குதிரைவலு தருவது, அதுவும் 8,200 சுழற்சியில். ஹொண்டா கையால் கவனித்துச் செய்த எஞ்சின். வேகம் கூடும்போது வால்வுகளைப் பெரிதாகத் திறக்க வைக்கிற அதன் வீடெக்கே ஒயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஒயில் அழுத்தி ஒரு சின்னப் பின்னைத் தள்ளினால்தான் பெரிய கேம் பிடித்துக்கொள்ளும்.

மெக்கானிக்கிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பழைய ஒயிலை வடித்து, பில்டரை மாற்றி, புது ஒயில். நான்கு லீற்றர் அளவு போகும், கடைசி வார்த்தை டிப்ஸ்டிக்குடையது. நான் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஊற்றுவேன். இந்த எஞ்சினில் கேம் நேராக உரசித்தான் வால்வைத் திறக்கிறது, உருளை இல்லை. உரசும் இடத்தைக் காப்பது ஒயிலில் உள்ள சிங்க், பொஸ்பரஸ் சேர்மானம். 30 தரத்துக்கும் அதற்குக் கீழுள்ளவற்றுக்கும் இப்போது அதில் கட்டுப்பாடு கடுமை, 40 தரங்களில் கொஞ்சம் தாராளம் உண்டு.

அப்புறம் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் தேக்கரண்டி அளவு ஒயில் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கிராங்கைக் கையால், ஸ்பானர் போட்டு, இரண்டு முழுச் சுற்று சுற்றட்டும். இறுகி நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். சுற்றினால், பிளக் போடாமலே, பெற்றோலும் ஸ்பார்க்கும் வராமல் நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, டாஷ்போர்டில் ஒயில் விளக்கு அணைகிறவரை பாருங்கள். அந்த விளக்கு அணைந்த பிறகுதான் பிளக். டாங்கியில் நிற்கிற இரண்டு வருடப் பெற்றோலை முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட்டையும் மாற்றுங்கள், ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது போகும். அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

முதல் ஆயிரம் கிலோமீற்றரில் அந்த ஒயிலையும் வடித்து மாற்றுங்கள். காசு வீண் என்று வீட்டில் சொல்வார்கள், பரவாயில்லை. இரண்டு வருடத்து அழுக்கைக் கழுவிக்கொண்டு வருவது அந்த ஒயில்தான். வெட்டின பில்டரின் கடதாசியை வெயிலில் விரித்து ஒரு படம் எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.